கன்னி மூலையில் ஒரு கேஸ் கெய்சர்

இன்னைக்குக் கோவில்பட்டியில மாமாவோட புது வீட்டுக்குப் போயிருந்தேன்.

பாத்ரூம்ல கேஸ் கெய்சர். புகைக் குழாயை வெளிய விடாம, சீலிங்குக்குள்ளயே சொருகி விட்டிருக்காவ.

"கன்னி மூலைச் சுவர்ல ஓட்டை போடக் கூடாதுன்னு வாஸ்துக்காரர் சொல்லிட்டாரு"ன்னு மாமா சொன்னாவ.

"அந்த விஷப் புகைக்கு வாசனையே கிடையாது மாமா. குளிக்கும்போதே மயங்கி விழுந்துருவீங்க"ன்னு சிலிண்டரை மூடிட்டேன்.

கோவத்துல மாமா வாஸ்துக்காரருக்கே போன் போட்டாவ. ஸ்பீக்கர்ல போடச் சொல்லி நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்.

"அண்ணாச்சி, உங்க வீட்டு கெய்சர் எங்கன இருக்கு?"

"வெளிச் சுவர்லதான். உள்ள வச்சா மூச்சு முட்டும்லா?"

மாமா போனை வச்ச கையோட பிளம்பரைக் கூப்பிட்டாவ. நாளைக்கு கெய்சர் வெளிச் சுவருக்குப் போகுது.

சரி, வாஸ்துவுக்காக உங்க வீட்ல எந்த ஓட்டையை அடைச்சு வச்சிருக்கீங்க?