வாத்து ஆடிய பிலிம்

நகப்பூச்சு வாசனை எங்கிருந்து வந்தாலும் நான் எழுந்து தள்ளிப் போய்விடுவேன். மீஞ்சூர் 'டூரிங் கொட்டகை'யில் அறுந்த பிலிமை ஒட்டும் பசைக்கும் அதே வாசனைதான்.

அறுபதுகளின் கடைசியில், பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்திலிருந்து மாதம் ஒருமுறை அம்மா என்னையும் தங்கை அஞ்சலையையும் அங்கே மாலை ஆட்டத்துக்குக் கூட்டிப்போவாள். பெரிய படத்துக்கு முன்னால் எந்தக் காலத்திலோ அமெரிக்காவில் வரைந்த ஒரு 'கார்ட்டூன்' ஓடும். கொட்டகைக்காரரிடம் இருந்தது அந்த ஒரே சுருள்தான். கதை கிதை கிடையாது, வாத்துகள் பேண்டு வாசிக்க, பானை சட்டியெல்லாம் எழுந்து ஆடும். மூளைக்காய்ச்சலில் காது போன அஞ்சலை அதைப் பார்க்கும்போது மட்டும் மணலில் கால் தட்டுவாள், ஒரு தட்டும் பிசகாது. "காது போனா இன்னா, கண்ணால கேட்டுக்கினு கீது பாரு" என்று அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வாள்.

அதை வீட்டிலும் அவள் பார்க்கட்டும் என்று, எல்லாரும் நைனா என்று கூப்பிடும் ஆபரேட்டரிடம் வறுத்த இறால் பொட்டலத்தை நீட்டி, அந்த வாத்துப் பிலிமில் ஒரு துண்டு, 'பிட்டு', கேட்டேன். "ரெண்டு பிட்டு போனா யாரு கண்டுக்கப் போறாங்க, வாத்துதானே" என்று கத்தரித்துக் கொடுத்துவிட்டு மிச்சத்தை ஒட்டினார். அட்டைப்பெட்டி, பூதக்கண்ணாடி, வெயில் எல்லாம் வைத்துச் சுவரில் காட்டினேன். வாத்து ஆடாமல் நின்றது. ஆடச் சொல் என்று அஞ்சலை கையை ஆட்டினாள். இன்னும் கொஞ்சம் பிட்டு சேர்ந்தால் ஆடிவிடும் என்று நம்பி, மூளையில்லாத நான், மாதாமாதம் இறாலோடு போய் நின்றேன்.

அடுத்த தை மாதம் திரையில் வாத்துகள் ஊதுகுழலைத் தூக்கின, அவ்வளவுதான், படம் முடிந்துபோனது. தூக்கிய காலோடு அஞ்சலை என்னைத் திரும்பிப் பார்த்தாள். தெரியாது என்று கையை விரித்தேன். அதற்குப் பிறகு அவள் கால் தட்டி நான் பார்த்ததில்லை.

படம் பேசத் தொடங்கிய புதிதில், தாளத்தை எண்ணி, ஒவ்வொரு தட்டுக்கும் இத்தனை படம் என்று கணக்குப் போட்டுத்தான் அந்த மாதிரிக் கார்ட்டூன்களை வரைந்தார்களாம். வளர்ந்தபின் படித்தேன். நான் வாங்கி வந்தது வாத்து இல்லை, அவளுக்கு மிச்சமிருந்த பாட்டு.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன. போன ஐப்பசியில் அஞ்சலையும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளுடைய தகரப்பெட்டியைத் திறந்தபோது பழம்பிலிம் கெட்டால் வரும், காடி போலப் புளித்த நெடி அடித்தது. உள்ளே நான் வாங்கி வந்த அத்தனை பிட்டும் இருந்தன. ஓரத்து ஓட்டைகளில் வலை பின்னும் நூலைக் கோத்து, வாத்து கால் தூக்கும் வரிசை மாறாமல், ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து வைத்திருந்தாள்.