வரப்போரம் இரண்டு வரிசை

கம்பெனியில் எனக்கு வேலையே குறை கண்டுபிடிப்பதுதான். லைனில் வரும் பாகங்களைப் புரட்டிப் பார்த்து, கீறல் இருந்தால் ஒதுக்க வேண்டும். அந்தப் புத்தி ஷிப்ட் முடிந்தாலும் போகாது. யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால், எதற்கு என்று யோசிப்பேன்.

மண்ணூரில் எங்களுக்கு மிச்சமிருக்கும் இருபது சென்ட்டில் மிளகாய் வைத்திருந்தேன். பூவெல்லாம் கொட்டியது. மருந்துக்கடையில், பூ நிற்க ஹார்மோன் மருந்து என்று ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்தார்கள். ஒரு டேங்க் தண்ணீருக்குச் சில மில்லி போதுமாம். எனக்கு அப்போதே நம்பிக்கையில்லை.

மருந்தடிக்கும் டேங்கை என் ஓரகத்தியிடம் வாங்கினேன். கணவரின் அண்ணன் மனைவி. வரப்புக்கு அந்தப் பக்கம் அவர்கள் நெல். "நெல்லுக்குக் களைக்கொல்லி அட்ச்ச டேங்கு. சோப்பு போட்டு மூணு வாட்டி கழுவிக்கினு அடி," என்றார். சுத்தத்தைப் பற்றி எனக்கே பாடமா என்று சுருக்கென்றது. தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டிவிட்டு அடித்தேன். கடைசி இரண்டு வரிசை இருக்கும்போதே கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஒரு வாரத்தில் இலைகள் குறுகி, தண்டு முறுக்கிக்கொண்டது. முதலில் தொழிற்சாலைக் கால்வாய்த் தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். அடுத்து கடைக்காரரை. பிறகு ஓரகத்தி. காற்று எங்கள் பக்கம் வீசும் நேரம் பார்த்துத்தான் களைக்கொல்லி அடித்திருக்கிறார் என்று முடிவு கட்டி, வரப்பில் நின்று வாய்க்கு வந்ததைக் கேட்டேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அதுவே எனக்குச் சாட்சியாகிவிட்டது. பள்ளி விட்டு அவர் வீட்டில் இருக்கும் என் மகளை மறுநாளிலிருந்து வேறு வீட்டுக்கு அனுப்பினேன்.

வேளாண் அலுவலர் வந்து பார்த்தார். செடி வளர அதற்குள்ளேயே ஹார்மோன் சுரக்கிறது, நெல்லுக்கு அடிக்கும் களைக்கொல்லி அதைப்போலவே வேலை செய்யும், இது அது பட்ட சேதம்தான் என்றார். நெல் தாங்கிக்கொள்ளும், மிளகாய் மாதிரிச் செடிகள் கண்டபடி வளர்ந்து முறுக்கிக்கொண்டு சாகும். பூ மருந்தும் அதே ஜாதிதானாம், ஆனால் அது துளி அளவு. பிறகு வரப்பைக் காட்டினார்.

"காத்துல வந்திருந்தா வரப்போரம்தாம்மா மொதல்ல போயிருக்கணும். இந்த ரெண்டு வரிசை மட்டும் எப்படி நல்லா இருக்கு? எந்த டேங்க்ல அடிச்சீங்க?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நான் அடிக்காமல் விட்ட வரிசைகள் அவை.

டேங்கைச் சோப்பு போட்டு மூன்று முறை கழுவி, மகளையும் கூட்டிக்கொண்டு ஓரகத்தி வீட்டுக்குப் போனேன். தப்பு என் மேல்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து முறுக்கு கொடுத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகு டேங்கின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். குழாயடிக்கு எடுத்துப்போய்ச் சோப்புத்தூளைக் கொட்டினார்.

"கழுவித்தான் எடுத்தாந்தேன்கா."

"தெரியும்," என்றார், தேய்ப்பதை நிறுத்தாமல்.