டீச்சர் வீட்டுப் பருந்து

போன வாரம் கூரியரில் ஒரு பீங்கான் கோப்பை வந்தது. மகள் ஆன்லைனில் வாங்கியது. பெட்டியைத் திறந்தால் கோப்பையைக் காணோம், பெட்டி நிறையச் சிவப்புத் தாள் சீவல். கையை விட்டுத் துழாவினேன். வேர்த்த விரலில் லேசாகச் சிவப்பு ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன். ஐம்பதைத் தாண்டிய மனிதன் அட்டைப்பெட்டிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்பதை மகள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கோப்பை உடைந்திருக்கிறதா என்று சோதிக்கிறேன் என்றேன். மூக்காலா என்று கேட்டாள்.

தாளும் சாயமும் கொஞ்சம் பசையும் கலந்த அந்த வாடை, சிவகாசியில் எனக்கு முதல் வேலை கிடைத்த வருஷத்தின் வாடை. காலண்டர் அடிக்கிற ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. முகூர்த்த நாளில் ராகுகாலம் மாறி அச்சாகிவிட்டால் எத்தனை கல்யாணம் கெட்டுப்போகும் என்ற பொறுப்புணர்ச்சியோடு வேலை பார்த்தேன். உலகத்தில் பிழை என்று ஒன்று இருந்தால் அது என் கண்ணில்தான் முதலில் படும் என்று அப்போது உண்மையிலேயே நம்பினேன். இருபத்து மூன்று வயதில் அப்படி ஒரு வியாதி வரும். எனக்குக் கொஞ்சம் முற்றிய நிலையில் வந்திருந்தது.

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் எஸ்தர் டீச்சர் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறையில் குடியிருந்தேன். டீச்சர் வீட்டில் தனியாக இருந்தார், ஒரே மகளைப் பாளையங்கோட்டையில் கட்டிக்கொடுத்திருந்தார். ஊரில் பாதிப் பேருக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவர் என்பதால் கணக்குப்பிள்ளை, லாரி டிரைவர் என்று யாரிடமும் அவர் காதைப் பிடித்துத் திருகுகிற தோரணையில்தான் பேசுவார். வீட்டுக்குப் பின்னால் வளவில் கோழி வளர்த்தார். அந்த வருஷம் ஒரு கோழி ஏழு குஞ்சு பொரித்திருந்தது. குஞ்சுகளுக்கு ஒரு மாதம் ஆனபோது, தாய்க்கோழி அவற்றைக் கொத்தி விரட்ட ஆரம்பித்த நேரத்தில், பாளையங்கோட்டையில் மகளுக்குப் பிரசவ வலி என்று ஆள் வந்துவிட்டது.

டீச்சர் பையும் கையுமாக என் அறை வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, ஏழு குஞ்சு. எண்ணிக்கிடுங்க. பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கதுக்குள்ள பெருசாயிரும். ஒண்ணு கொறஞ்சாலும் விருந்துல ஒங்க எலதான் கொறயும், ஆமா."

"நான் பாத்துக்கிடுதேன் டீச்சர். கவலையே படாதீங்க."

"கவலப்படாமயா எண்ணிக் குடுக்கேன்?" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனார்.

டீச்சர் குஞ்சுகளுக்கு ஒரு பழைய மரப்பெட்டியில் கடலைத் தொலி பரப்பி வைத்திருந்தார். அது எனக்கு நாகரிகமாகப் படவில்லை. எங்கள் அச்சகத்துக்கு அடுத்த கம்பெனியில் சரவெடிக்குச் சுற்றுகிற சிவப்புத் தாளை வெட்டுவார்கள். ஓரச் சீவல் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். ஒரு சாக்கு அள்ளிக்கொண்டு வந்து, தொலியைக் கொட்டிவிட்டு, பெட்டி முழுக்கச் சிவப்புச் சீவலை மெத்தைபோலப் பரப்பினேன். தண்ணீருக்கு டீச்சர் வைத்திருந்த சின்னத் தேங்காய்ச் சிரட்டையை எடுத்துவிட்டு அகலமான தட்டு வைத்தேன். சிரட்டையில் குடிக்கக் குஞ்சுகள் சிரமப்படுவதாக எனக்குத் தோன்றியது. குஞ்சுகள் அப்படி எதுவும் சொல்லவில்லை. தட்டில் இறங்கி நீச்சலடித்தன. சீவல் ஊறியது, ஊறியது காயவில்லை. மேலே இன்னொரு கை சீவலை அள்ளிப் போட்டு அழகாக மூடிவிடுவேன்.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ குஞ்சுகளின் எச்சம் சிவப்பாக இருந்தது.

இந்த இடத்தில் வேறு ஊர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் நிறத்தை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. பட்டாசு மருந்து அறையிலிருந்து வீட்டுக்குப் போகிற ஆள் அலுமினியப் பொடியில் வெள்ளி விக்கிரகம்போலப் போவார். அச்சகத்துக் கழிவுத் தாளைத் தின்ற ஆடு பச்சையாகப் புழுக்கை போடும். தீப்பெட்டி லேபிள் அடிக்கிற தெருவில் நாய்க்கு ஊதா வால் இருக்கும். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆகவே சிவப்புத் தாளில் படுக்கிற குஞ்சு சிவப்பாகக் கழிந்தால் அதில் யோசிக்க என்ன இருக்கிறது? சாயம். தாளைக் கொத்தியிருக்கும். பிழை கண்டுபிடித்து, காரணமும் கண்டுபிடித்து, கையைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் வந்தபோது இரண்டு குஞ்சு செத்துக் கிடந்தது. இன்னொன்று இறகைச் சிலிர்த்துக்கொண்டு, இரண்டு சிறகும் தரையில் தொங்க, கண்ணை மூடி மூலையில் நின்றது. குளிரில் போர்வை போர்த்தி நிற்கிற ஆள்போல. விரலால் தொட்டால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, இவன்தானா என்று மறுபடி மூடிக்கொண்டது.

பக்கத்து வீட்டில் கிரேஸ் அக்கா இருந்தார். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். டூட்டி முடிந்து வந்து துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவரைச் சுவருக்கு மேலாகக் கூப்பிட்டேன். வந்து பெட்டிக்குள் குனிந்து பார்த்தார்.

"எம்புட்டு நாளா இப்படிக் கழியுதுலே?"

"காலையிலதான்க்கா பாத்தேன். சாயம்க்கா. தாள்ச் சாயம்."

"யாரு சொன்னா?"

"நானா..."

"நீ என்ன டாக்டரா? வெள்ளத் தாள் இருக்கா ஒங்கிட்ட?"

என்னிடம் இருந்ததெல்லாம் வெள்ளைத் தாள்தான். கறுப்பு மையில் அடித்த, திருத்தம் விழாத பழைய காலண்டர் புரூஃப் ஒரு கட்டு. அக்கா ஈரச் சீவலை மொத்தமாக அள்ளி வெளியே கொட்டினார். அடியில் இருந்தது நாறிய நாற்றத்தை நான் இங்கே எழுதவில்லை. பெட்டியைத் துடைத்து, புரூஃப் தாளை விரித்து, ஐந்து குஞ்சையும் அதன்மேல் விட்டார்.

"இதுல சேப்பே இல்லேல்லா? இப்பச் சேப்பா வந்துச்சுன்னா அது சாயமா, என்னன்னு நீயே சொல்லு."

இருவரும் குந்தி உட்கார்ந்து காத்திருந்தோம். என் வாழ்க்கையில் எந்த ரிசல்ட்டுக்கும் அப்படிக் காத்திருந்ததில்லை. கொஞ்ச நேரத்தில் ஏப்ரல் மாதத்தின் இரண்டாவது வாரத்தில் ஒரு குஞ்சு கழிந்தது. சளியும் சிவப்புமாக. அடுத்தது அமாவாசைமேல். நான் அதுவரை எத்தனையோ புரூஃபில் சிவப்பு மையால் திருத்தம் போட்டிருக்கிறேன். ஒரு தாளில்கூட அத்தனை சரியான திருத்தம் போட்டதில்லை.

"ரத்தம்லே," என்றார் அக்கா. "ஈரத்துல கெடந்தா குஞ்சுக்கு இது வரும். எங்க வீட்டுலயும் வந்துருக்கு. நாளைக்கு விடிஞ்சதும் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடு."

மறுநாள் காலையில் புரூஃபை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் போனேன். கால்நடை டாக்டர் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு எருமையும் இரண்டு ஆடும் நின்றன. என் முறை வந்ததும் தாளை எடுத்து மேஜையில் விரித்தேன். டாக்டர் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார்.

"ஏப்ரல் முச்சூடும் கழிஞ்சு வச்சிருக்கே. நோயாளி எங்க?"

"வீட்டுல இருக்கு சார்."

"தாள மட்டும் கொண்டாந்த ஆள் நீங்க ஒருத்தர்தான்" என்றார். ஆனால் தாளே போதுமானதாக இருந்தது. ரத்தக் கழிச்சல் என்றார். தண்ணீரில் கலக்குகிற ஒரு பொடி கொடுத்து, ஐந்து நாளைக்கு அந்தத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் கண்ணில் காட்டக் கூடாது, தினம் புதிதாகக் கலக்க வேண்டும், முடங்கி நிற்பதைத் தனியாகப் பிரித்துக் கதகதப்பாக வைக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் படுக்கை காய்ந்து கிடக்க வேண்டும் என்று சொன்னார். படுக்கை என்னத்தில் போட்டிருந்தீர்கள் என்று கேட்டார். பொதுவாக ஏதோ தாள் என்றேன்.

திரும்பி வந்தபோது சிலிர்த்து நின்ற குஞ்சும் போய்விட்டிருந்தது. மிச்சம் நாலு. அதில் ஒரு கறுப்புக் குஞ்சு தானாகக் குடிக்கவில்லை. பேனாவுக்கு மை ஊற்றுகிற ஃபில்லரைக் கொதிநீரில் கழுவி, அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டேன். வேகமாக விட்டால் மூச்சில் ஏறிவிடும் என்று அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே அதட்டுவார். ஆபீசுக்கு வயிற்றுவலி என்று லீவு சொன்னேன். வயிறு என்னுடையது இல்லை என்பதைத் தவிர அதில் பொய் எதுவும் இல்லை. நாலாம் நாள் காலையில் கறுப்புக் குஞ்சு என் விரலை ஓங்கிக் கொத்தியது. அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் கொத்து வாங்கியதில்லை.

டீச்சர் மகளோடும் பேத்தியோடும் வந்து இறங்கினார். குழந்தையைக் கட்டிலில் கிடத்திய கையோடு வளவுக்குத்தான் வந்தார்.

"நாலுதான் நிக்கி?"

என்னென்னவோ வாக்கியங்கள் தயார் செய்திருந்தேன். எல்லாம் உண்மையில் தொடங்கி உண்மையில் முடிகிற நல்ல வாக்கியங்கள். வாயில் வந்தது வேறு.

"பருந்து டீச்சர். மூணையும் தூக்கிட்டுப் போயிருச்சு."

சுவருக்கு அந்தப் பக்கம் கிரேஸ் அக்கா துணி உதறுகிற சத்தம் நின்றது. டீச்சர் வானத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ம்," என்றார். அவ்வளவுதான். மூன்று மாதம் கழித்து நடந்த ஞானஸ்நான விருந்தில் என் இலையில் எதுவும் குறையவில்லை. நான் வைத்தியம் பார்த்த நாலும் அந்த விருந்தில் குழம்பாயின. மனம் கலங்கிச் சாப்பிடாமல் எழுந்தேன் என்று எழுத ஆசைதான். இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த வருஷம் டீச்சர் மறுபடி பாளையங்கோட்டைக்குப் போக வேண்டி வந்தது. மறுபடி குஞ்சுகள் இருந்தன, இந்தத் தடவை ஒன்பது. வேறு யாரிடமாவது விட்டுவிட்டுப் போவார் என்று நினைத்தேன். பையும் கையுமாக என் வாசலுக்கே வந்தார்.

"எண்ணிக்கிடுங்க. பருந்து வந்துச்சுன்னா உடனே கிரேஸக் கூப்புடுங்க தம்பி. பருந்துக்கும் இப்ப தண்ணியில கலக்க ஒரு பொடி இருக்காம்லா?"

முகத்தில் சிரிப்பு துளியும் இல்லை. அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். "சரி டீச்சர்" என்றேன். ஒன்பதையும் ஒன்பதாகவே திருப்பிக் கொடுத்தேன். அதற்கும் "ம்" என்றுதான் சொன்னார். பிறகு வேலை மாறிச் சென்னைக்கு வந்துவிட்டேன். கிரேஸ் அக்கா ரிட்டயராகி மகனோடு போனார். டீச்சர் மகள் வீட்டிலேயே தங்கி, அங்கேயே காலமானார். எனக்குச் செய்தி வந்து சேர ஒரு வருஷம் ஆனது.

போன தீபாவளிக்கு முன்பு அந்தப் பக்கம் போனபோது விஸ்வநத்தத்தில் இறங்கினேன். இரண்டு வீடும், நடுச் சுவரும் இல்லை. வளவெல்லாம் சிமெண்ட் பூசி, பெரிய தகர ஷட்டர் போட்ட குடோன். வாசலில் ஸ்டூலில் ஒரு வாட்ச்மேன்.

"யாரப் பாக்கணும்ணே?"

"இங்க ஒரு டீச்சர் இருந்தாங்க."

"டீச்சர்லாம் யாருமில்லையே. ஏதும் சொல்லணுமாண்ணே?"

என்ன தோன்றியதோ, சொன்னேன். "மூணு கோழிக்குஞ்ச பருந்து தூக்கலைங்க. நான்தான் ஈரத்துல போட்டுக் கொன்னுட்டேன்."

அவர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். பிறகு, வழிதவறி வந்தவனுக்கு வழி சொல்கிற இரக்கத்தோடு சொன்னார்:

"இங்கன கோழி ஏதுண்ணே? அட்டப்பெட்டி லோடு மட்டுந்தான் வரும்."