ஆறாங்கூப்புக்கு முன்னால் இருந்த பேர்

நாலாவது தடவையாக மனுவைத் திருப்பி வாங்கிக்கொண்டு கன்னையன் கலெக்டர் ஆபீஸ் படியிறங்கும்போது மணி மூன்று. விடிகாலையில் மலையிலிருந்து நடக்க ஆரம்பித்தவர். குரங்கணி வரைக்கும் இரண்டரை மணி நேர இறக்கம், அங்கிருந்து போடிக்கு ஜீப்பு, போடியிலிருந்து பஸ்சு, பிறகு ஆபீஸ் பெஞ்சில் மத்தியானம் வரைக்கும் காத்திருப்பு. அவ்வளவும் ஒரு தாளைக் கொடுத்து அதே தாளைத் திரும்ப வாங்குவதற்கு.

கன்னையனுக்கு ஐம்பத்தெட்டு வயது. முதுவர் என்கிற மலைச்சனம். குரங்கணிக்கு மேலே நாற்பது வீடுகள் இருக்கிற ஆறாங்கூப்புதான் ஊர். கீழே ஹாஸ்டலில் தங்கி எட்டாவது வரைக்கும் படித்தவர் என்பதால், வன உரிமைக் குழு என்று ஒன்றை அமைக்கச் சொன்னபோது அவரையே செயலாளராகப் போட்டுவிட்டார்கள். அது ஆகிப் பதினொரு வருஷம். அன்றைக்குக் கறுப்பாக இருந்த மீசை இப்போது முழுக்க வெளுத்துவிட்டது.

ஊர் கேட்டது ரெண்டே ரெண்டு. வீடு நிற்கிற இடத்துக்குப் பட்டா ஒன்று. மேற்குச் சரிவில் அவர்கள் தேனெடுத்து, கிழங்கு தோண்டி, ஒரு காலத்தில் கேப்பை விதைத்த காட்டின் மேல் ஊருக்குப் பொதுவான உரிமை இன்னொன்று.

ஆபீஸ் வாசலில் எழுத்தர் பாண்டியராஜன் அவரைப் பிடித்து டீக்கடைக்குக் கூட்டிப்போனார். நாலு தடவையும் மனுவைத் திருப்பிக் கொடுத்தது அவர் கைதான். அந்தச் சங்கடம் அவருக்கு இருந்தது.

“அண்ணே, உங்க மேல ஒரு தப்பும் இல்ல. ஆனா வெள்ளைக்காரன் காலத்து ரெக்கார்டுல ‘ஆறாம் கூப்பு, கூலியாள் முகாம்’னு போட்டிருக்கு. முகாம்னா வேலைக்கு ஆள் கூட்டியாந்து தங்க வச்ச எடம். மரம் வெட்ட வந்தவங்களுக்கு எப்படிப்பா பரம்பரைக் காடுன்னு மேல கேக்குறாக.”

“எங்கள யாரும் கூட்டியாரல சார். நாங்க அங்கனதான் இருந்தோம்.”

“எனக்குத் தெரியுது. தாளுக்குத் தெரியணும்ல?”

கூப்பு என்பது அந்த மலையின் பேச்சில்லை. துரைமார் காட்டை நம்பர் போட்டுத் துண்டு துண்டாகப் பிரித்து, வருஷத்துக்கு ஒரு துண்டு வெட்டினார்கள். அந்தத் துண்டுக்குப் பேர்தான் கூப்பு. ஆறாவது துண்டுக்குள் ஏற்கெனவே குடிசை போட்டு இருந்தவர்கள், வெட்டு முடிந்தபோது ஆறாங்கூப்புக்காரர்களாக ஆகியிருந்தார்கள்.

போன தடவை பெரிய ஆபீசர் இன்னொன்று கேட்டிருந்தார். மதுரையிலிருந்து மீனாட்சியம்மனை முதுகில் சுமந்துகொண்டு மலையேறி வந்ததால்தான் முதுவர் என்று பேர் வந்தது என்பது கன்னையன் வீட்டுப் பெரியவர்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும் கதை. எந்தக் காலத்திலோ ஒரு துரை அதைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறான். ஆபீசர் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டி, “நீங்களே கீழ இருந்து வந்தவங்கதான்னு உங்க ஆளே சொல்லியிருக்காரே?” என்றார். அன்றைக்குக் கன்னையன் ஊருக்குத் திரும்பி யாரிடமும் அதைச் சொல்லவில்லை. தன் பேத்திக்கு அந்தக் கதையைச் சொல்வதையும் அதோடு நிறுத்திக்கொண்டார்.

பாண்டியராஜன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: “நம்பர் போடுறதுக்கு முன்னாடி அந்த எடத்துக்கு ஒரு பேரு இருந்திருக்கும்ல? அதுக்கும் முந்தின சர்வே புஸ்தகம் ஒண்ணு உள்ள கெடக்கு. பேரு தெரிஞ்சா தேடிப் பாக்கலாம். அதுல இருந்துச்சுன்னா ஒரு பய உங்கள அசைக்க முடியாது.”

கன்னையன் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. தகப்பன் வாயிலும் ஆறாங்கூப்பு என்றுதான் கேட்டிருக்கிறார். ஐம்பத்தெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அதற்கு முன்னால் என்ன பேர் என்று கேட்கத் தோன்றவில்லையே என்பதுதான் அவரை உறுத்தியது.

அவருடைய சின்னாத்தா மொக்கம்மாள் போடியில் மகள் வீட்டில் இருந்தாள். எண்பது வயதைத் தாண்டியவள், கால் வீங்கிக் கட்டிலோடு கிடந்தாள். மகள் அருணா ஏலக்காய் தரம் பிரிக்கும் ஸ்டோருக்கு வேலைக்குப் போயிருந்தாள். ஊருக்குத் திரும்புகிற வழியில் கன்னையன் அங்கே போய், கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேட்டார்.

“சின்னாத்தா, நம்ம ஊருக்கு முன்னாடி என்ன பேரு?”

“எதுக்கு அப்பு?”

“மனுவுல எழுதணும்.”

“எழுதாத.” சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கன்னையன் எழுந்து போகவில்லை. போவதற்குத் தெம்பும் இல்லை. சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். வெகு நேரம் கழித்து, திரும்பாமலேயே அவள் பேசினாள்.

“நாங்கு மரம் நின்ன எடம் அது. நூறு மரம் இருக்குமாம். அதுக்கடியிலதான் சாமி. ரயில் தண்டவாளத்துக்குக் கட்டை வேணும்னு துரை வந்தான். வெளி ஆளக் கொண்டாந்தா வெட்டினான்? நம்ம ஆளுகளையே வெட்டச் சொன்னான். இல்லேன்னா மலைய விட்டு எறங்குங்கடான்னான். நம்ம மூப்பன்தான் மொதக் கோடாலி போட்டது. எங்க ஆத்தா பட்டை உரிச்சா.”

“அதுக்கும் பேருக்கும் என்ன?”

“வெட்டி முடிச்ச அன்னைக்கு எல்லாரும் கூடி உக்காந்து, இனிமே அந்தப் பேரச் சொல்றதில்லன்னு முடிவு பண்ணிட்டாக. துரை ஒண்ணும் சொல்லக்கூடாதுன்னு தடுக்கல அப்பு. வெக்கம். எங்க ஆத்தா காய்ச்சல்ல கெடந்தப்ப ஒரே ஒரு தடவ சொன்னா. நாங்குக்குடி.”

சொல்லிவிட்டு அவள் மூச்சு வாங்கினாள். கன்னையனுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. துரை தாளில் பொய் எழுதியிருக்கிறான் என்று பதினொரு வருஷமாக வாதாடிக்கொண்டிருந்தார். அதில் ‘கூலியாள்’ என்ற வார்த்தை பொய்யில்லை. கூலியாட்களாகத்தான் இருந்திருக்கிறார்கள், தங்கள் வீட்டு வாசலிலேயே.

பேரைப் பாண்டியராஜனுக்குப் போனில் சொன்னார். பத்து நாள் கழித்து அவர் கூப்பிட்டார். குரலில் பரபரப்பு.

“அண்ணே, இருக்கு! நாங்குக்குடி, இருபத்திமூணு வீடு, கேப்பைக் காடுன்னு தெளிவா எழுதியிருக்கு. கூப்பு போடுறதுக்கு முப்பது வருஷம் முந்தின புஸ்தகம். ஆனா ஒண்ணு. இந்தப் பேருல போடணும்னா பழைய மனு செல்லாது. ரெண்டு ஊரும் ஒண்ணுதான்னு ஊர்க்கூட்டத்துல தீர்மானம் போட்டு, மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். சரிவை விட்டுட்டு வீட்டுக்கு மட்டும் கேட்டீகன்னா, முகாம்னு இருந்தாலும் போதும், இருக்கிற மனுவுலயே இந்த வருஷம் பட்டா வந்துரும். பாத்துக்கிடுங்க.”

வீட்டில் மனைவி பெரியம்மாளிடம் சொன்னார். அவள் கேப்பைக் களியைக் கிண்டிக்கொண்டே, “பேரு நல்லாத்தான இருக்கு. நாங்கு மரம் எப்படி இருக்கும்?” என்று கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. காடே கதியென்று வளர்ந்தவர்தான். ஆனால் அவர் பிறந்தபோது அந்தச் சரிவில் நாங்கு ஒன்றுகூட மிச்சமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர்க்கூட்டம். கன்னையன் எதையும் மறைக்காமல் சொன்னார், மூப்பன் கோடாலி போட்டதையும் சேர்த்து. சொல்லி முடித்ததும் முதலில் எழுந்தது ரோஜா. நர்சிங் படிப்புக்கு இடம் கிடைத்திருந்த பெண். கன்னையனுக்குத் தம்பி மகள்.

“பெரியப்பா, சாதிச் சர்டிபிகேட் வாங்க நான் மூணு வருஷம் அலைஞ்சேன். அதுல ஆறாம் கூப்புன்னு இருக்கு. ஆதாரு, ரேஷன் கார்டு எல்லாத்துலயும் அதான் இருக்கு. இப்பப் போயி எங்க ஊரு வேற பேருன்னு தீர்மானம் போட்டா, இது யாரு புதுசான்னு கேப்பாங்க. மறுபடி அலைய முடியாது. என்னால முடியாது.”

சோணை என்கிற வயசாளி ஒருவர், “பெரியவுக சொல்லவேணாம்னு விட்ட பேரு. நாம எதுக்குப்பா எடுக்கணும்?” என்றார். அருண்பாண்டி போடிமெட்டு ரூட்டில் ஜீப்பு ஓட்டுகிறவன். “சரிவை விட்டா அப்புறம் கிடைக்காது, மாமா கொண்டாந்த பேருலயே போடுவோம்” என்று கத்தினான். ரெண்டு பக்கமும் குரல் உயர்ந்தது. கடைசியில் எல்லாரும் கன்னையனைப் பார்த்தார்கள். அவர் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருந்தால் கூட்டம் அவர் பக்கம் சாய்ந்திருக்கும். அது அவருக்கும் தெரியும்.

ரோஜாவின் முகத்தைப் பார்த்தார். இருபது வயதுப் பெண்ணின் முகத்தில் தன்னுடைய அதே அலுப்பு.

“கை தூக்குங்க. எது கூடுதோ அது” என்றார்.

வீடு மட்டும் போதும் என்று ஐம்பத்தொரு பேர் தூக்கினார்கள். சரிவும் வேண்டும் என்று ஒன்பது பேர். கன்னையன் எந்தப் பக்கமும் கை தூக்காமல் கணக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பாண்டியராஜன் சொன்னபடியே நடந்தது. எட்டு மாசத்தில், குரங்கணியில் பந்தல் போட்டு நாற்பது குடும்பத்துக்கும் பட்டா கொடுத்தார்கள். ஊர் என்ற இடத்தில் ‘ஆறாம் கூப்பு முகாம்’ என்று அச்சாகியிருந்தது. பெண்கள் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்கள். பெரியம்மாள் சிரித்துக்கொண்டுதான் நின்றாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூரை பிடுங்கப்படும் என்ற பயமில்லாமல் அந்த வருஷம்தான் முதல்தடவையாகச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள்.

மேற்குச் சரிவில் வனத்துறையின் கம்பிவேலி வந்தது. கிழங்குக்குப் போகிறவர்கள் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கம்பிக்கடியில் குனிந்து போனார்கள். ரெண்டு தடவை பிடிபட்ட பிறகு போவதையே விட்டுவிட்டார்கள்.

கன்னையன் செயலாளர் வேலையை விட்டார். வேண்டாமென்று யாரும் தடுக்கவில்லை. இப்போது போடிமெட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறார். வாரம் ஆறு நாள் அங்கேயே தங்கல். புதிதாக வேலைக்கு வருகிற ஆட்கள் பேச்சுக்கொடுப்பார்கள். “சேட்டா, எந்த ஊரு?” என்று தமிழும் மலையாளமும் கலந்து கேட்பார்கள்.

கன்னையன் அடுப்புக்கு விறகைத் தள்ளிவிட்டு, “குரங்கணிப் பக்கம்” என்பார். அதற்கு மேல் சொல்வதில்லை.