அக்கா கூடத்துக்கு வந்து சொன்னது

என் அக்கா சின்ன வயதிலேயே கணவனை இழந்தவள். ஊரார் என்ன பேசினாலும் பேசட்டும் என்று அப்பா அவளை மதராசுக்கு அனுப்பி, வாத்தியார் வேலைக்குப் படிக்க வைத்தார். சூலூர்ப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலையும் கிடைத்தது. வருஷம் முடியுமுன்னே பெட்டியோடு திரும்பிவிட்டாள். காய்ச்சல் என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சூடே இல்லை. ஆனாலும் நான் எதுவும் கேட்கவில்லை. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. என் நினைப்பெல்லாம் புடவையிலும் நகையிலும் இருந்தது.

சிங்காநல்லூரில் ஒரு வக்கீலுக்கு வாழ்க்கைப்பட்டேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ஜில்லா போர்டுத் தலைவர் பதவிக்கு ஒரு பெரிய பண்ணைக்காரரை நிறுத்துவதென்று ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்தார்கள். கிணறு வெட்டிக் கொடுத்தவர், பள்ளிக்கூடத்துக்கு நிலம் எழுதி வைத்தவர். எனக்கும் அவர் மேல் மரியாதை உண்டு. அவர் பெயரை முன்மொழியப் போகிறவர் என் கணவர்.

அதைப் பேச எங்கள் வீட்டில் கூடினார்கள். அப்போது என் பிரசவத்துக்காக அக்கா வந்து தங்கியிருந்தாள். உள்ளறையில் எனக்குப் பத்தியச் சோறு பிசைந்து கொண்டிருந்தவள், கூடத்தில் அந்தப் பெயர் அடிபட்டதும் கையைக் கழுவினாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஆண்கள் நடுவே போய் நின்றாள். நான் குழந்தையோடு வாசற்படி வரை போனேன்.

“ஏனுங்க மாப்பிள்ளை, நா ஒரு வார்த்தை சொல்லோணுங்க” என்றாள்.

அக்கா வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக் கமிட்டியில் அப்போது அந்தப் பண்ணைக்காரர்தான் பெரியவராம். சம்பள விஷயம் பேச வேண்டுமென்று தோட்டத்து வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். “கதவைச் சாத்திப்போட்டு என்னைப் புடிச்சாருங்க. கையைக் கடிச்சுப்போட்டு, பொறக்கடை வழியா சோளக்காட்டுக்குள்ள ஓடியாந்தனுங்க.”

மூத்தவர் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். “இத்தனை வருசம் சும்மா இருந்துபோட்டு, எலெக்சன் வந்ததும் சொன்னா யாரு நம்புவாங்க அம்மணி? எதிராளி சொல்லிக் குடுத்ததா?”

“அன்னைக்கே சொன்னனுங்க, எங்கப்பாகிட்டயும் அம்மாகிட்டயும். வெளிய தெரிஞ்சா தங்கச்சி கல்யாணம் நின்னுபோகும்னாங்க. வாயை மூடிக்கிட்டனுங்க.” பிறகு என் கணவர் பக்கம் திரும்பினாள். “இனி ஜில்லாவுல இருக்கற டீச்சருக அத்தனை பேரும் வேலைக்கும் மாத்தலுக்கும் அவருகிட்டத்தானுங்களே போய் நிக்கோணும்?”

எங்கள் கல்யாணத்துக்கு அவர் வந்திருந்தார், முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அன்று முழுக்க அக்கா சமையல் கட்டைவிட்டு வெளியே வரவில்லை. அதற்குக் காரணம் வாசற்படியில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

என் கணவர் என்னைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். “வேற ஆளைப் பாருங்க. நான் முன்மொழிய மாட்டனுங்க” என்றார். வந்தவர்கள் காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்கள்.

இன்னொருவர் முன்மொழிந்தார். பண்ணைக்காரர் ஜெயித்தார். மேளதாளத்தோடு ஊர்வலம் எங்கள் தெருவழியாகவே போனது. அக்காவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பேசினார்கள். என் கணவருக்கு வழக்குகள் குறைந்தன. அப்பா அப்போது உயிரோடு இல்லை. அம்மா வந்து, “குடும்ப மானத்தைச் சந்தியில போட்டுட்டியே” என்று கத்தினாள். கத்தி ஓய்ந்ததும் அக்காவின் மடியில் தலை வைத்து அழுதாள்.

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்லக்கா?” என்று கேட்டேன்.

“சொல்லியிருந்தா கல்யாணமே வேண்டாமுன்னிருப்பே கண்ணு. உனக்கு அப்பவே வீம்பு ஜாஸ்தி.” சிரித்தாள்.

கொஞ்ச நாள் கழித்துத் துடியலூர்ப் பக்கமிருந்து ஜில்லா போர்டுப் பள்ளி டீச்சர் ஒருத்தி தன் அண்ணனோடு வந்தாள், அக்காவைப் பார்க்க வேண்டுமென்று. அக்காவும் அவளும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெகுநேரம் கழித்து அழுத கண்களோடு வந்த அக்கா, “அந்தப் புள்ளைக்கும் சேத்து உலை வையி” என்றாள்.

அடுத்த ஜூனில் அக்கா கோயமுத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தாள். தலை நரைக்கும் வரை அங்கேதான் கணக்குப் பாடம் எடுத்தாள்.