அம்மாவின் கால், அப்பாவின் வாய்

எங்கள் காருக்கு இரண்டு பிரேக். ஒன்று அம்மாவின் காலடியில் இருந்தது, இன்னொன்று அப்பாவின் வாயில்.

ஃப்ரீமாண்ட் நகரில் நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருடம் அது. வாராவாரம் விமானம் ஏறி வேறு ஊரில் வேலை பார்க்கும்படி அப்பாவுக்கு உத்தரவு வந்திருந்தது. அவர் கிளம்புவதற்குள் அம்மா லைசென்ஸ் வாங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் திங்கள் முதல் வியாழன் வரை அம்மாவும் நானும் அபார்ட்மென்ட்டுக்குள் சிறை.

மாலைதோறும் பயிற்சி நடந்தது. அம்மா ஓட்டுவாள். பக்கத்து சீட்டில் அப்பா, இல்லாத பிரேக்கை மிதித்தபடி, "ஸ்ஸ்" என்று மூச்சை இழுப்பார். அம்மாவின் கால் பிரேக்கில் பாயும். கார் குலுங்கி நிற்கும்.

"நான் ஒண்ணுமே சொல்லலியே."

"சொல்லித் தொலைச்சாக்கூடப் பரவாயில்ல," என்பாள் அம்மா.

டெஸ்ட் அன்று, பக்கத்தில் உட்கார்ந்த அதிகாரிக்குச் சளி. அவர் மூக்கை உறிஞ்சினார். பச்சை விளக்கு எரிய, நடுச் சந்தியில் அம்மா காரை நிறுத்தினாள். ஃபெயில்.

மணி அடித்தால் எச்சில் ஒழுகும் நாயைப் பற்றிப் பிற்பாடு கல்லூரி உளவியல் வகுப்பில் சொன்னபோது, நான் மட்டும் சிரித்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தப் பாடம் எனக்கு எட்டு வயதிலேயே பின் சீட்டில் நடந்துவிட்டது. ஒரு சத்தத்துக்கு ஒரு கார் நிற்கிறதென்றால் எந்தப் பையன் சும்மா இருப்பான்? "ஸ்ஸ்" என்றேன். நின்றது.

"டேய், வாய மூடிட்டு வா."

"ரெட் லைட்டே இல்ல, ஏம்மா ஸ்டாப் பண்ணினே?"

காலி பார்க்கிங் லாட்டில், லைப்ரரி வாசலில், ஆளில்லாத தெருவில் என்று அலுக்காமல் சீறினேன். அடுப்படியில் அவள் தோசை வார்க்கும்போதும் விடவில்லை. அப்பாவின் திட்டு எடுபடவில்லை. ஆனால் கொஞ்ச நாளில் என் ரிமோட் பழுதாகிவிட்டது. சீறினால் கார் நிற்கவில்லை, வேகம்கூடக் குறையவில்லை. பலமாகச் சீறிப் பார்த்தேன்.

அம்மா கண்ணாடியில் என்னைப் பார்த்து, "தண்ணி வேணுமாடா?" என்றாள்.

அடுத்த நாள் ஃப்ரீவேயில் ஒரு டிரக் பக்கத்தில் நெருங்கியது. அப்பா நுரையீரல் நிறைய இழுத்தார். அம்மா சிக்னல் போட்டு, லேன் மாறி, டிரக்கை முந்திக்கொண்டு போய்விட்டாள். அப்பா இழுத்த மூச்சை விட மறந்து அவளையே பார்த்தார்.

மறு டெஸ்டுக்கும் அதே அதிகாரி. சளியும் அப்படியே இருந்தது. உறிஞ்சினார், உறிஞ்சிக்கொண்டே இருந்தார். அம்மா வெற்றிக்கொடி மாதிரி காகிதத்தை ஆட்டியபடி வெளியே வந்தாள். அப்பா தான் கற்றுக்கொடுத்த விதத்தை ஊரெல்லாம் ஃபோனில் அளந்தார். எனக்கோ பொம்மை உடைந்த துக்கம்.

வீட்டு வாசலில் அம்மா, "நீங்க ரெண்டு பேரும் இறங்குங்க," என்றாள்.

"தனியாவா? எங்க போறே?"

"தெரியல. போயிட்டு வரேன்."

வெகுநேரம் கழித்துத் திரும்பினாள். கண்ணாடிகள் எல்லாம் இறங்கியிருந்தன, முடி பறந்து கிடந்தது, முகம் ஜொலித்தது. நான் ஓடிப்போய்ப் பின் சீட்டைப் பார்த்தேன். பால் இல்லை, பிரெட் இல்லை, ஒரு டோனட்கூட இல்லை.

"எங்கம்மா போனே?"

"மலை தாண்டி லிவர்மோர் வரைக்கும்."

"அங்க இருக்கிற கோயிலுக்கா?"

"இல்லடா. சும்மா."

பாவம், வழி தவறியிருக்கிறாள், சொல்ல வெட்கப்படுகிறாள் என்று புரிந்துகொண்டேன். அப்பாவிடம் போட்டுக்கொடுக்காமல் அவள் மானத்தைக் காப்பாற்றினேன்.