பின்வரிசையை முன்னால் நிறுத்திய நாள்

எங்கள் ஆலையில் ஒருவன் மைதானத்தில் எங்கே நிற்கிறானோ, அதை வைத்துத்தான் ஆலைக்குள் அவனுடைய வேலையும் முடிவாகும். ஹாக்கி டீமின் முன்வரிசையில் ஆடுகிற ஐந்து பேருக்கும் ஆபீசில் நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி. பின்னால் நிற்கிற பேக் இரண்டு பேருக்கும் நெல் ஊறவைக்கும் தொட்டி. நடுவில் ஆடிய சென்டர் ஹாஃப் கொதிகலனுக்கு உமி தள்ளினான். யாரும் இதை எழுதி ஒட்டி வைக்கவில்லை. முன்வரிசைக்காரர்கள் எல்லாரும் நிலமுள்ள வீட்டுப் பிள்ளைகள், நாங்கள் அந்த நிலங்களில் நாற்று நட்டவர்களின் பிள்ளைகள் என்பதையும் யாரும் எழுதி வைக்கவில்லை.

நான் ரைட் பேக். தொட்டியில் ஊறிய நெல்லின் புளித்த வாடை குளித்தாலும் போகாது. என் பெண்டாட்டி முதல் மாதம் மூக்கைப் பொத்திக்கொண்டாள், பிறகு பழகிப்போனாள்.

அரிசி ஆலைக்கு எதற்கு ஹாக்கி டீம் என்று கேட்பீர்கள். முதலாளியின் ஆசை, அவ்வளவுதான். பட்டணத்தில் படித்த காலத்தில் அவருக்குப் பிடித்துப்போன ஆட்டம். ஆலைக்குப் பின்னால் மூன்று ஏக்கரைச் சமன்படுத்தி மைதானம் ஆக்கினார். புகைபோக்கியிலிருந்து உமிச் சாம்பல் நாள் முழுக்க அதன் மேல் விழுந்துகொண்டிருக்கும். ஆடி முடித்து எச்சில் துப்பினால் கறுப்பாக வரும். ஆடுகிற வரைக்கும் ஆலையில் தற்காலிக வேலை, நன்றாக ஆடினால் நிரந்தரம் என்பது பேச்சு. நான் நாலு வருஷமாக நன்றாக ஆடிக்கொண்டிருந்தேன், தற்காலிகமாக.

அந்த வருஷம் நாங்கள் போன இடமெல்லாம் தோற்றோம். திருச்சியில் தோற்றோம், மதுரையில் தோற்றோம், கும்பகோணத்தில் காலேஜ் பையன்களிடம் தோற்றபோது முதலாளி பாதியிலேயே காரில் ஏறிப் போய்விட்டார். டீமுக்கு இருந்த மேனேஜர் உடம்பு சரியில்லை என்று சொந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். தோற்கிற டீமுக்குக் கேப்டனாக யாரும் முன்வரவில்லை என்பதால் என்னைக் கேப்டன் ஆக்கினார்கள். அப்பாவிடம் சொன்னபோது, "அப்படின்னா நீதான் மேஸ்திரியா?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். "ஒரு நாளைக்கு வந்து பாக்குறேன்டா. இந்த அறுப்பு முடியட்டும்" என்றார். நாலு வருஷமாக ஏதாவது ஓர் அறுப்பு முடிய வேண்டியிருந்தது.

அப்பாவின் இடது கை முழங்கைக்குக் கீழே கொஞ்சம் கோணலாக இருக்கும். நான் கேப்டன் ஆனதற்கு மூன்று வருஷம் முன்பு கூலித் தகராறில் முதலாளி தன் வயலை அறுக்க மேற்கேயிருந்து லாரியில் வெளியாட்களை இறக்கினார். உள்ளூர்க்காரன் நட்டு, களையெடுத்து, காத்து வளர்த்த பயிரை வெளியாள் வந்து அறுத்துக்கொண்டு போவதா என்று அப்பாவும் இன்னும் பலரும் வரப்பில் குறுக்கே படுத்தார்கள். போலீஸ் தடி விழுந்தது. கையைச் சரியாக வைத்துக் கட்ட ஆளில்லாமல் எலும்பு அப்படியே கூடிவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் வெளியாள் என்பது கெட்ட வார்த்தை. குழந்தைகள் சண்டை போடும்போதுகூட அதைச் சொல்லித் திட்டிக்கொள்ளும்.

புது மேனேஜரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் முதலாளி என்னையும் அறைக்குள் கூப்பிட்டார். ஆட்டக்காரர்களின் சார்பில் கேப்டன் இருக்கட்டும் என்றார். வாழ்க்கையில் முதல் முறையாக அந்த அறையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். அதன் நுனியில் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் வந்தவர் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், பட்டாளத்து டீமில் ஆடியவர். ஒல்லியான கறுத்த மனிதர். உள்ளே வருவதற்கு முன்பே மைதானத்துக்குப் போய் எங்கள் ஆட்டத்தை அரைமணி நேரம் பார்த்திருக்கிறார். வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"ஐயா, ஒங்க முன்வரிசையில மூணு பேரு ஓடவே மாட்டேங்காங்க. பந்து போனா இடுப்புல கைய வச்சிக்கிட்டு நிக்காங்க. அவங்கள மாத்தணும். அந்த சென்டர் ஹாஃப் பையன் தங்கம். ஆனா கொதிகலன்ல வெந்துட்டு வந்தவன் எப்படி ஆடுவான்? அவனுக்கும் பேக் ரெண்டு பேருக்கும் லேசான வேலை குடுங்க. வெளியூர்லேருந்து நாலு ஆள நான் கொண்டாரேன். ஒரு வருசத்துல கப்பு வாங்கித் தாரேன்."

இன்று அந்தப் பேச்சை வரி வரியாகச் சொல்ல முடிகிறது. எனக்காக, என் நண்பனுக்காக, எங்கள் முதுகுக்காக அந்த அறையில் பேசிய ஒரே மனிதர் அவர்தான். ஆனால் அன்று அந்த முட்டாளின் காதில், என் காதில்தான், ஒன்று மட்டும்தான் விழுந்தது. வெளியூரிலிருந்து நாலு ஆள். அப்பாவின் கோணல் கை கண் முன்னால் வந்து நின்றது. அதற்குப் பிறகு அவர் சொன்ன எதையும் நான் கேட்கவில்லை.

இரண்டாவதாக வந்தவர் பக்கத்து ஊர்க்காரர், முதலாளிக்குத் தூரத்து உறவு. போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆட்சி மாறி ஓரிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அவர் தோளில் துண்டின் கரையும் மாறியிருந்தது. ஹாக்கியில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்று கேட்டிருந்தால் திணறியிருப்பார். யாரும் கேட்கவில்லை. "வெளியாளே வேணாம்ங்க. நம்ம புள்ளைங்களுக்கு என்ன கொறச்சல்? கட்டுப்பாடுதான் இல்ல. அத நான் கொண்டாந்துடுறேன்" என்றார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீ என்னப்பா சொல்ற?"

"இவரே இருக்கட்டுங்க ஐயா. நம்ம ஊர்க்காரர்" என்றேன்.

முதலாளி எப்போதோ முடிவு செய்திருப்பார், உன்னைக் கேட்டது சும்மா ஒரு பேச்சுக்கு என்று பிற்பாடு பலர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் கேட்டார், நான் பதில் சொன்னேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பட்டாளத்துக்காரர் என்னைப் பார்த்து, "நல்லா ஆடுதீங்க தம்பி. இன்னுங் கொஞ்சம் குனிஞ்சி ஆடுங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

சென்டர் ஹாஃப் என் தெருக்காரன், எனக்கு மாமன் மகன் முறை. நடந்ததைச் சொன்னேன். அவன் உமிக்கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தான். "அந்த ஆளு எனக்கு வேற வேல கேட்டாராடா?" என்றான். ஆமாம் என்றேன். "சரி விடு மாப்ள" என்று சொல்லி மறுபடியும் கூடையைத் தூக்கினான். அதற்குப் பதில் இரண்டு அறை விட்டிருக்கலாம்.

புது மேனேஜர் ஆட்டம் சொல்லித்தரவில்லை. வரிசையாக நிற்கச் சொல்லித்தந்தார். விசில் அடித்ததும் மட்டையை மார்புக்கு நேராகப் பிடித்து ஒரே வேகத்தில் முன்னால் நடக்க வேண்டும், இன்னொரு விசிலுக்கு நிற்க வேண்டும். பேக் இரண்டு பேரையும் மட்டும் தினமும் கூடுதலாக ஒரு மணி நேரம் வேலை வாங்கினார். பந்தோடு யாராவது வந்தால் யோசிக்கக் கூடாது, அவர் "ஏறு!" என்றதும் பாய்ந்து மட்டையைத் தரையோடு வீச வேண்டும். நூறு முறை, இருநூறு முறை. எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் முறையாக ஒரு மேனேஜர் பின்வரிசையைக் கவனிக்கிறார் என்று பெருமையாக இருந்தது.

"வெளாட்டுன்னா பந்து வேணாமாடா? இவரு போலீஸ் பரேடு நடத்துறாரு" என்றான் சென்டர் ஹாஃப். உனக்கு எல்லாவற்றிலும் குறைதான் என்று அவனிடம் எரிந்து விழுந்தேன். காரணம் இருந்தது. மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "குறுவை அறுப்பு முடியறதுக்குள்ள ஒனக்கு நிரந்தரம். நான் பேசிட்டேன்" என்று சொல்லியிருந்தார். அறுப்புக்கும் ஹாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் எல்லாக் கெடுவையும் அறுப்பை வைத்துத்தான் சொல்வோம். என் பெண்டாட்டிக்கு அப்போது ஏழாம் மாதம்.

அந்தக் குறுவையிலும் கூலித் தகராறு வந்தது. தாசில்தார் முன்னிலையில் பேசினார்கள், முடியவில்லை. சங்கத்துக்காரர்கள் எங்கள் ஊர் வயல்களில் சிவப்புக் கொடி நட்டார்கள். பயிர் முற்றித் தலை சாய்ந்து கிடந்தது. மழை வந்தால் முளைத்துவிடும் என்ற நிலை. ஆலைக்குள் இதைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஒரு நாள் காலையில் மன்னார்குடியில் மேட்ச், சீருடையோடு வந்து சேருங்கள் என்று மேனேஜர் சொன்னார். வேனில் ஏறினோம். மன்னார்குடி ரோட்டில் போக வேண்டிய வேன் ஆற்றுப் பாலம் தாண்டியதும் இடது பக்கம் திரும்பியது. அந்த ரோடு எங்கள் ஊருக்குப் போகிற ரோடு. சென்டர் ஹாஃப் என் தொடையில் கை வைத்து அழுத்தினான். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலாளியின் வயலுக்கு முன்னால் வேன் நின்றது. முன்னாலேயே ஒரு லாரி வந்து நின்றிருந்தது. அதில் மேற்கேயிருந்து வந்த ஆண்களும் பெண்களும், கையில் அரிவாளோடு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வரப்பில் எங்கள் தெரு மொத்தமும் நின்றது.

மேனேஜர் எங்களை இறக்கி இடம் பிரித்தார். "பேக் ரெண்டு பேரும் முன்னாடி வாங்க. ஹாஃப் மூணு பேரும் அவனுங்களுக்குப் பின்னாடி. ஃபார்வர்டு தம்பிங்க வேன்கிட்டயே இருங்க." எத்தனை மேட்சில் எங்கள் முன்வரிசை பின்னால் வந்து உதவாதா என்று ஏங்கியிருக்கிறேன். அன்றுதான் வந்தது. வேனுக்கு அந்தப் பக்கமே போய் நின்றுகொண்டது.

சென்டர் ஹாஃப் மட்டையை வாய்க்காலில் வீசினான். முழங்கால் தண்ணீரில் இறங்கி அக்கரை ஏறி எங்கள் ஆட்களோடு போய் நின்றான். நான் போகவில்லை. போயிருக்கலாம், பத்தடிதான் இருக்கும். மேனேஜரின் சட்டைப் பையில் மடித்த தாள் ஒன்று தெரிந்தது. அது என் நிரந்தர உத்தரவுதான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பயந்தேன். வேறு நல்ல வார்த்தை போட்டுச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

விசில் கேட்டது. மட்டையை மார்புக்கு நேராகப் பிடித்து நடந்தோம். அந்தப் பக்கத்திலிருந்து யாரோ என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். சென்டர் ஹாஃப் மறுபடியும் வாய்க்காலில் இறங்கி இக்கரைக்கு என்னை நோக்கி வந்தான். வெறும் கைதான். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "வந்துடு மாப்ள, வந்துடு" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

"பேக்! ஏறு!" என்றார் மேனேஜர்.

பாய்ந்தேன். மட்டை தரையோடு போனது. முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைகிற சத்தம் மட்டையின் வழியாக என் கைக்கு வந்தது. உடம்பு பழக்கத்தில் செய்துவிட்டது என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். பழக்கம்தான். ஆனால் வந்தவன் யார் என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

அவன் சேற்றில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். எங்கள் டீமில் ஒருவனும் அசையவில்லை. லாரியிலிருந்து ஒரு பெண் இறங்கி ஓடி வந்தாள். வெளியாள். புடவைத் தலைப்பைப் பல்லால் கிழித்து, அரிவாளின் கைப்பிடியை அணை கொடுத்து அவன் காலைக் கட்டினாள். கட்டிக்கொண்டே மேனேஜரையும் என்னையும் மாறி மாறித் திட்டினாள். மேனேஜர் அவளை லாரியில் ஏறச் சொன்னார். அவள் ஏறவில்லை.

எங்கள் தெரு ஆட்கள் கயிற்றுக் கட்டிலில் அவனைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். அதற்குள் போலீஸ் வேன் வந்தது. நடுப்பகலுக்குள் பாதி வயல் அறுபட்டது. தூக்கிப் போனவர்களில் ஒருவருடைய இடது கை கோணலாக இருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் எனக்கு நிரந்தர உத்தரவு வந்தது. கிழித்துப் போட்டேன் என்று எழுத ஆசைதான். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். ஆபீசில் நாற்காலியும் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் டீமைக் கலைத்துவிட்டு மைதானத்தில் இன்னொரு காயவைக்கும் களம் கட்டினார்கள். மேனேஜர் வேறு வேலைக்குப் போனார். சென்டர் ஹாஃபின் கால் ஓர் அங்குலம் குட்டையாகக் கூடியது. அவன் பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டி ஒன்றில் உட்கார்ந்து மட்டை உரிக்கப் போனான். அவன் மகளுக்குக் கல்யாணம் வந்தபோது எங்கள் வீட்டைத் தவிர தெரு முழுக்கப் பத்திரிகை வைத்தான்.

அவன் கால் உடைந்த அந்த நாள் அந்தி சாயும் நேரத்தில் அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தார். நான் வாசலில் நின்றிருந்தேன். சீருடையை இன்னும் மாற்றவில்லை. மட்டை சுவரில் சாய்ந்திருந்தது. அப்பா அதைக் கையில் எடுத்து, வளைந்த முனையைத் தடவிப் பார்த்தார். அவர் அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை. திட்டுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இதத்தான் நாலு வருஷமா வெளாண்டுகிட்டு இருந்தியாப்பா?" என்றார்.

இல்லை அப்பா, இது இல்லை, வேறு மாதிரி இருக்கும், ஒரு நாள் வந்து பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் மட்டையை இருந்த இடத்திலேயே சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு நான் ஒரு மேட்சும் ஆடவில்லை. அப்பா பார்த்தது அந்த ஒன்றைத்தான்.